மாரியில் ஒருமுறை வல்லைவெளிக்கு வாருங்கள்



நோர்வேயில் வாழும் எங்கள் வாசகர்கள் ஃபியோர்ட் படங்களை அடிக்கடி அனுப்பிவைப்பார்கள். இருபக்கமும் செங்குத்தான மலை, நடுவே கரும்பச்சைக் கடல், மேலே மழைமூட்டம். சொக்னஃபியோர்ட் நிலத்துக்குள் 200 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. ஆழமான இடத்தில் 1,300 மீற்றர். பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்ததால் வந்த ஆழம் அது. பேர்கன் நகரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. அப்படியிருந்தும் உலகமே தேடிப்போய்ப் பார்க்கிறது.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ளும் கடல் புகுந்துதான் கிடக்கிறது. இங்கே மலையில்லை, சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் தட்டை நிலம். ஆழமுமில்லை, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசலாம். வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவே தொண்டைமானாறு, வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவே உப்பாறு. பெயரில் ஆறு இருந்தாலும் இரண்டும் கடல்நீரேரிகள். கோடையில் வருகிறவர்கள் இவற்றைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, தொண்டைமானாற்றின் மேல் உள்ள வல்லைவெளியைக் கடக்கும்போது, நீர் வற்றி உப்புப் பூத்த தரவைதான் கண்ணில் படும். வெறும் வெளி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாரியில் வந்தால்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். நீர்வேலி வாழைத் தோட்டங்கள் கழிந்து, ஆவரங்கால் தாண்டியதும் வீடும் வேலியும் பனையும் சட்டென்று முடிந்துவிடும். பிறகு வானமும் நீரும்தான். வாடைக்காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளும். பாலத்தடியில் நீர் பழுப்பு நிறத்தில் சுழித்து ஓடும். தலையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு வீச்சுவலைக்காரர் மழைக்குள் நிற்பார்கள். வலை வட்டமாக விரிந்து விழுந்த இடத்தில் மழைத்துளியின் குத்தல் ஒரு கணம் மாறித் தெரியும். மெல்ல இழுப்பார்கள், இறாலும் திரளியும் துள்ளும். தூரத்தில் வெண்கொக்குக் கூட்டம். பூநாரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மண்டைதீவு, அராலிப் பக்கம் போகவேண்டும்.

வல்லையோடு திரும்பிவிடாதீர்கள். அதே நீர் வடக்கே போய்ச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலைத் தொட்டுக்கொண்டு கடலில் சேர்கிறது. 'அன்னதானக் கந்தன்' என்று பெயர்பெற்ற அவன் வாசலில் பசியோடு யாரும் திரும்புவதில்லை. நனைந்த உடுப்போடு போய்ச் சாப்பிட்டுவிட்டு, முகத்துவாரத்தில் உள்ள தடுப்பணையைப் பாருங்கள். கதவுகள் திறந்த நாளென்றால் வெள்ளம் இரைந்துகொண்டு கடலுக்குள் பாயும்.

அந்த இரைச்சலைக் கேட்கும்போது மனம் மகிழ்வதோடு, இவ்வளவு நீரும் கடலோடு போகிறதே என்று பதறவும் செய்யும். வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் இது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்பதால்தான் எங்கள் கிணறுகள் இனிக்கின்றன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு கொண்டுவரும் வன்னி வெள்ளத்தை ஆனையிறவில் மறித்து, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி நீரேரிக்குள் விட்டு, தொண்டைமானாற்றிலும் உப்பாற்றிலும் உவர்க்கடலைத் தடுத்துவிட்டால், ஆண்டுக்கு ஆண்டு உப்புக் கழுவப்பட்டு, நீரேரிகள் நன்னீராகும் என்பது அவர் கணக்கு. வேலைகள் பாதியில் நின்றன. போர் மீதியையும் தின்றது. என் பார்வையில், குடாநாட்டுக்காகத் தீட்டப்பட்ட திட்டங்களில் இதைவிடத் தொலைநோக்குள்ளது வேறில்லை.

நோர்வேக்கும் எங்கள் நீரேரிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடியில் அந்த நாட்டுக்காரரின் கைத்திறனைக் கண்டவர், ஊருக்கும் அது வரவேண்டும் என்று பாடுபட்டார். அதில் பிறந்ததுதான் 'சீநோர்' நிறுவனம். காரைநகரில் படகுத்துறையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன. பின்னால் எத்தனையோ எங்கள் பிள்ளைகள் நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் உழைத்துக் குடும்பங்களைத் தாங்கினார்கள். ஃபியோர்ட் கரையில் வளரும் அவர்களின் பிள்ளைகள் இந்த நீரையும் வந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த பயணத்தைக் கார்த்திகை, மார்கழியில் வையுங்கள். வல்லைக் காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு வேண்டும். சாப்பாட்டுப் பொதியும் போத்தலும் கொண்டுபோனால் வெறும் பையோடு திரும்பாமல் குப்பையையும் எடுத்து வாருங்கள். பாலத்தடியில் இப்போதே குப்பை நிறையக் கிடக்கிறது. பார்த்ததை எழுதி அனுப்புங்கள். படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். தை இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்