அயல்நாட்டில் ஓர் அரையாண்டு: யாருக்குரிய வாய்ப்பு?

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஓர் அரையாண்டு அயல்நாட்டிற் பயின்று மீள்வது இன்று அரிய செய்தியன்று. 1987இல் ஐரோப்பிய நாடுகளுக்குள்ளே தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் பரிமாற்ற வாய்ப்பு, 2015 முதல் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கும் எட்டியுள்ளது. சென்று மீண்டோர் அங்குள்ள நூலகங்களின் விரிவையும், விரிவுரையாளரோடு தயக்கமின்றி வாதிடும் வழக்கத்தையும், தனியறையில் வாழப் பழகியதையும் வியந்துரைப்பர். அவ்வனுபவத்தின் பெறுமதி மறுத்தற்குரியதன்று. மறுக்கவேண்டியது அதனோடு ஒட்டிவரும் ஒரு கூற்றையே. வாய்ப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறதாம். தோட்டப்புற மாணவர் கிணற்றுத் தவளைகளாகையால் விண்ணப்பிப்பதில்லையாம்!

பதுளை மலைச்சரிவுகளில் வாழ்வோரையா கிணற்றுத் தவளைகள் என்பது? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடல்கடந்து வந்து, பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் காடழித்துத் தேயிலை நட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாக்காளரை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாரிற் கப்பலேறியோருக்கு அது மீளா வழி. பின்னர் தோட்டத்துப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்றனர். அயல்நாடு இம்மக்களுக்குப் புதிதன்று. கற்றுத் திரும்புதற்பொருட்டு மேற்கொள்ளும் பயணமே புதிது.

அப்பயணத்திற்கு வேண்டியவை எவை? முதலாவது கடவுச்சீட்டு. நாடற்றோராக எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. தந்தையின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருத்தல் தோட்டங்களிற் புதுமையன்று. தமிழ்ப் பெயரை அறியாத எழுதுவினைஞரின் பிழைக்கு மாணவர் சத்தியக்கடதாசியோடு அலைகிறார். பல தோட்டங்களிலே லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தைச் சுற்றியே வந்துசேரும்.

அடுத்தது பணம். உதவித்தொகை கிடைக்கிறதே என்பர். கிடைக்கிறதுதான், ஆனால் விசாவுக்கும், காப்புறுதிக்கும், பல வேளைகளில் விமானச் சீட்டுக்கும் முதலிற் கைப்பணத்தைச் செலவிட வேண்டும். 2021இல் 1,000 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாயிற்று. அப்போது மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாவே வந்தது; கழிவுகள் வேறு. ஐரோப்பாவுக்கான விமானச் சீட்டொன்றோ பல மாதக் கூலியை விழுங்கும். 2022இன் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியபோது, மலைநாட்டிற் கூலி அவ்வாறு ஏறவில்லை. கடன் வாங்கலாமே எனின், ஈடு வைக்க என்ன உண்டு? தலைமுறைகள் பல வாழ்ந்த லயக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் அவர்கள் கையில் இல்லை. (அக்காம்பராவின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. தனியறை வாழ்வைப் புகழ்வோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.)

இக்கணக்குகளையெல்லாம் போட்டுப் பார்த்து ஒதுங்கும் மாணவரைத் துணிவற்றவர் என்பது அறியாமை. அறிந்தே சொல்வோராயின் கயமை. திறமையின் அடிப்படையிலேயே தெரிவு நடைபெறுகிறது என்ற வாதமும் இங்கே நொண்டுகிறது. விண்ணப்பிக்கும் நிலையை அடையும் முன்னரே சிலர் கழிக்கப்பட்டுவிட்டால், எஞ்சியோருள் நிகழும் போட்டியைத் திறமைப் போட்டியென எங்ஙனம் கொள்வது?

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. முற்செலவைப் பல்கலைக்கழகமே முற்பணமாகத் தந்து, உதவித்தொகை வந்தபின் கழித்துக்கொள்ளலாம். அறிவித்தல்களைத் தமிழிலும் வெளியிடலாம். முதலாம் ஆண்டிலேயே கடவுச்சீட்டுப் பெற வழிகாட்டலாம். பெயர்ப் பிழையொன்றைத் திருத்த மாதக்கணக்கிற் பதுளைக் கச்சேரிக்கு ஏறியிறங்க நேரும். முடிவுத் திகதிக்கு இரண்டு வாரம் முன்னர் ஒட்டப்படும் அறிவித்தலால் அம்மாணவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.