சமையலறை மேடையான நாட்கள்

"அவ பாட்டுத்தானே படிக்கிறா, வேலையா செய்யிறா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. ஆசிரியை, தாதி, தையற்காரி, வங்கி உத்தியோகத்தர் என்றால் அது தொழில். பாடுபவள், ஆடுபவள், நடிப்பவள் என்றால் அது பொழுதுபோக்கு, மிஞ்சிப்போனால் திறமை. மாதச் சம்பளம் தரும் நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கிடைக்கும் பணத்தில் வாழ்பவர்களைச் சுயாதீனக் கலைஞர்கள் என்கிறோம். அவர்கள் படும் பாட்டை நாம் உழைப்பாக எண்ணுவதில்லை. அப்படி எண்ணாமல் விட்டதன் விலை என்னவென்பதை 2020 இல் வந்த கொரோனாத் தொற்று உலகத்துக்கே காட்டியது.

தொற்று முதலில் தாக்கியது மூச்சை. பாடகருக்கு மூச்சே மூலதனம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வேர்ணன் என்ற ஊரில் 2020 மார்ச் 10 ஆம் திகதி ஒரு சேர்ந்திசைக் குழுவினர் வழக்கம்போல ஒத்திகைக்குக் கூடினார்கள். வந்தவர்கள் 61 பேர். சுமார் இரண்டரை மணித்தியாலம் பாடினார்கள். பரிசோதனையில் உறுதியானவர்களும் அறிகுறிகளைக் கொண்டு நோயாளர் எனக் கருதப்பட்டவர்களுமாக அவர்களில் 53 பேர் நோயுற்றனர். இருவர் இறந்தனர். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்ற செய்தி உலகெங்கும் பரவியது. மண்டபங்கள் மூடப்பட்டன. கடைகளும் தொழிற்சாலைகளும் படிப்படியாகத் திறந்த பின்னரும் கடைசியாகத் திறந்தவற்றுள் மேடையும் ஒன்று.

இந்நிலையில் ஒரு கலைஞர், அதிலும் பிள்ளைகளுள்ள ஒரு தாய், என்ன செய்ய முடியும்? இதற்குப் பலரும் அறிந்த ஓர் உதாரணம் பிரித்தானியப் பாடகி சோபி எலிஸ் பெக்ஸ்டர். 2000களின் தொடக்கத்தில் பெரும் புகழ் பெற்றவர். பின்னர் பெரிய இசை நிறுவனங்களின் நிழலை விட்டு விலகி, 2014 இல் சொந்த முயற்சியில் இசைத்தொகுப்பு வெளியிட்டவர். ஐந்து ஆண்பிள்ளைகளின் தாய். 2020 மார்ச் 20 ஆம் திகதி அங்கு பாடசாலைகள் மூடப்பட்டன. சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 27 வெள்ளிக்கிழமை, தமது வீட்டுச் சமையலறையில் வண்ண விளக்குகளைப் பொருத்தி, மேடையில் அணியும் மினுங்கும் உடையை அணிந்து, இன்ஸ்டகிராம் நேரலையில் அவர் பாடினார். இசைக்கலைஞரான கணவர் படம்பிடித்தார். பெரிய பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். ஒரு வயதான கடைக்குட்டி தவழ்ந்து காலடிக்கு வந்தது. பாடிக்கொண்டே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். மறுபடி இறக்கி விட்டார். நுழைவுச்சீட்டுக் கிடையாது. வெள்ளிதோறும் நடந்த இந்த 'சமையலறை டிஸ்கோ'வை வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெருந்தொகையானோர் பார்த்து மகிழ்ந்தனர்.

பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் சற்று நின்று கவனித்தால் அங்கே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன. பாட்டு ஒன்று, பிள்ளை பராமரிப்பு மற்றொன்று. சமூகவியலில் பெண்ணின் இரட்டைச் சுமை என்று இதைத்தான் படிக்கிறோம். வேறு நாட்களில் அவர் மேடைக்குப் போகும்போது முதலாவது சுமை மட்டும் ஊரார் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வீட்டுக்குள் மறைந்திருக்கும். தொற்றுக்காலம் மேடையை வீட்டுக்குள் கொண்டுவந்ததால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. அவருடைய வீட்டில் இன்னொன்றும் நடந்தது. வெள்ளிக்கிழமை என்றால் அம்மா பாடும் நேரம் என்று வீடு முழுவதும் ஒப்புக்கொண்டது. கணவர் அதற்கென்று கமராவைப் பிடித்தார். கலையை உயிரோடு வைத்திருந்தது அந்த ஒப்புதல்தான்.

இனி, வெளியே போதல். 2020 மார்ச் 23 முதல் பிரித்தானியாவில் நாளொன்றுக்கு ஒரு தடவை மட்டும் உடற்பயிற்சிக்காக வெளியே செல்ல அனுமதி இருந்தது. நம் நாட்டில் மார்ச் 20 மாலை தொடங்கிய ஊரடங்கில் அதுவும் இல்லை. பொருட்கள் வாங்கச் சில மணித்தியாலங்கள் தளர்த்தினார்கள். பின்னர் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே போகும் நாளை ஒதுக்கினார்கள். கலைஞருக்கு வெளியே போவது உல்லாசம் மட்டுமல்ல. உடலைப் பழக்கத்தில் வைத்திருப்பதும், மனிதர்களைப் பார்ப்பதும், பிறர் நிகழ்ச்சியைக் கேட்பதும் அவருடைய தொழிலின் பகுதி. சோபிக்கும் அந்த உலா எப்போதும் சுகமாக முடியவில்லை. 2020 ஜூனில் தேம்ஸ் ஆற்றங்கரைப் பாதையில் துவிச்சக்கர வண்டி ஓட்டியபோது விழுந்து நெற்றியில் காயப்பட்டு வைத்தியசாலைக்குப் போனார். பின்னர் தாமே அந்தப் படத்தை வெளியிட்டு, கவனித்த வைத்தியசாலை ஊழியர்களுக்கு நன்றி சொன்னார்.

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேறொரு வழி கண்டார்கள். ஒரு வாத்தியக் கலைஞர், ஒரே ஒரு கேட்பவர். ஆள் நடமாட்டம் குறைந்த விமான நிலையத்தில்கூட இது நடந்தது. இருவரும் இடைவெளி விட்டு அமர்ந்து முதலில் பேசாமல் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பிறகு சுமார் பத்து நிமிடம் வாசிப்பு. பேச்சில்லை, கைதட்டலும் இல்லை. கேட்டவர்கள் விரும்பிக் கொடுத்த பணம் வருமானம் இழந்த சுயாதீன இசைக்கலைஞர்களுக்கான நிதிக்குப் போனது. மாதச் சம்பளமுள்ள வாத்தியக் குழுவினர் சம்பளமில்லாத தம் தோழருக்காக வாசித்தார்கள் என்பது இதில் நான் மிகவும் மதிக்கும் விடயம்.

சகோதரிகளே, புகழுள்ளவர் சமையலறையில் பாடினாலும் உலகம் கேட்கும். புகழில்லாதவரின் கதி என்ன? பிரித்தானிய அரசு சுயதொழில் புரிவோருக்கு முந்திய ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 80 வீதத்தை, மாதத்துக்கு 2,500 பவுணுக்கு மேற்படாமல், கொடுப்பனவாக வழங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் வருமானத்தில் குறைந்தது பாதியாவது சுயதொழிலில் வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாரநாளில் சம்பளத்துக்குக் கற்பித்து வார இறுதியில் பாடும் பெண் பலவேளை அதற்குள் அடங்கமாட்டாள். மேலும், சராசரி கணக்கிடும்போது மகப்பேற்றுக்காக வேலையை நிறுத்தியிருந்த மாதங்கள் கழிக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சராசரி குறைந்தது, பணமும் குறைந்தது. தாய்மாரின் உரிமைக்காகப் பாடுபடும் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2021 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இது பெண்களுக்கு மறைமுகப் பாரபட்சமே என ஏற்றுக்கொண்டது. எனினும், நெருக்கடியில் விரைவாகவும் எளிதாகவும் பணம் வழங்கவேண்டியிருந்ததால் அது நியாயப்படுத்தத் தக்கது என்று வழக்கைத் தள்ளியது. பிள்ளை பெற்ற மாதங்கள் சோம்பியிருந்த மாதங்களாகக் கணக்கில் விழுந்தன என்பதே இதன் பொருள்.

அயர்லாந்து வேறு பாடம் கற்றது. தொற்றுக்காலத்தில் கலைத்துறை மீள்வதற்கு வழி தேடி அமைத்த குழுவின் ஆலோசனைப்படி, 2022 இல் 2,000 கலைஞர்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்து, வாரம் 325 யூரோ வீதம் மூன்றாண்டுகளுக்குக் கொடுத்தார்கள். "இத்தனை நிகழ்ச்சி செய், இத்தனை பாட்டு எழுது" என்று நிபந்தனை போடவில்லை. முடிவில் ஆராய்ந்தபோது கலைஞர்கள் கலைக்குக் கொடுத்த நேரம் கூடியிருந்தது. செலவிட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் சமூகத்துக்கு 1.39 யூரோ பெறுமதி திரும்பியதாகக் கணக்கிடப்பட்டது. ஒத்திகை பார்ப்பதும் யோசிப்பதும் வேலை நேரமே என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டது இதனால்தான் முக்கியமாகிறது.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். பங்குனி தொடக்கம் ஆவணி வரை நம் பகுதிகளில் கோவில் திருவிழாக்களும் கலியாணங்களும் நிறைந்த காலம். நாதஸ்வரம், தவில் வாசிப்போர், மெல்லிசைக் குழுவினர், வில்லுப்பாட்டுக் கலைஞர்கள், நடன ஆசிரியைகள் முதலியோர் ஆண்டுச் செலவுக்குப் பணம் தேடுவது அப்போதுதான். 2020 இல் அந்தக் காலம் ஊரடங்கோடு தொடங்கியது. ஒக்டோபரில் மீண்டும் தொற்று. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் முடக்கம். மூச்சுவிடுமுன்னே 2022 இன் பொருளாதார நெருக்கடி. 2020 இல் அரசு வழங்கிய 5,000 ரூபா உதவி சமுர்த்திக் குடும்பங்களுக்கும், முதியோருக்கும், வருமானம் இழந்த சுயதொழிலாளருக்கும் கிடைத்தது. சுயதொழிலாளர் என்றால் முச்சக்கரவண்டி ஓட்டுநர் சட்டென்று நினைவுக்கு வருவார். ஆடுபவள் வருவாளா?

நான் வேலைசெய்யும் பகுதியில் குடும்ப விபரம் பதியச் சென்றபோது ஒரு வீட்டில் நடந்த உரையாடல் இது.

"உங்கட தொழில் என்ன அக்கா?"

"ஒண்டும் இல்லைத் தங்கச்சி. வீட்டிலதான்."

சுவரில் சலங்கை தொங்கியது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"பின்னேரத்தில பன்ரெண்டு பிள்ளையள் வருவினம், டான்ஸ் சொல்லிக் குடுக்கிறன். திருவிழாவில நிகழ்ச்சி செய்வம். அது தொழில் எண்டு எழுதலாமே?"

"கொரோனாவுக்குள்ள என்ன செய்தீங்கள்?"

"பிள்ளையள் வரேல்ல. காசும் வரேல்ல. அப்ப பட்டியல் எழுத வந்தவைக்கும் தொழில் இல்லை எண்டுதான் சொன்னனான்."

தொழில் இல்லை என்று சொன்னவருக்குத் தொழில் இழப்பும் இல்லை. இதில் எழுத வந்தவர் மீது குற்றமில்லை. பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்த பெண்ணே தன் உழைப்பை உழைப்பென்று நம்பாதபடி நாம் அவரை வளர்த்திருக்கிறோம். "கலையை விற்கலாமா" என்று கேட்டு வளர்த்தோம். "வீட்டிலிருந்தபடிதானே செய்கிறாய்" என்று சொல்லி வளர்த்தோம். அன்று அவர் படிவத்தில் 'நடன ஆசிரியை' என்றே எழுதினோம்.

அடுத்த நெருக்கடி தொற்றாகவும் வரலாம், வெள்ளமாகவும் வரலாம். அதற்கு முன்னர் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கலை செய்யும் சகோதரி எந்தப் படிவத்திலும் அதைத் தொழிலாக எழுத வேண்டும். எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு கிடைத்தது என்று ஒரு கொப்பியில் திகதியிட்டுக் குறித்து வைத்தால், இழப்பைச் சொல்லும்போது கையில் ஆதாரம் இருக்கும். இரண்டாவது, சுயதொழில் புரிவோருக்கு இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை பங்களிப்பு ஓய்வூதியத் திட்டங்களை நடத்துகிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்தால் விபரம் சொல்வார்கள். மூன்றாவது, சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் கலியாண வீட்டாரும் தொகையை முன்கூட்டியே பேசி, ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுக்க வேண்டும். பந்தல்காரருக்கும் சமையற்காரருக்கும் முற்பணம் கொடுக்கும் நாம், பாடுபவரிடம் மட்டும் "சும்மா ஒரு பாட்டுப் படியுங்கோவன்" என்று கேட்பது முறையல்ல. நிகழ்ச்சி நின்றுபோனால் அந்த முற்பணத்தைத் திருப்பிக் கேளாதிருப்பதும் ஓர் உதவியே.

நான்காவது, வீட்டாருக்கு. கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், அவளுடைய பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பிள்ளையை அப்பா பார்க்கட்டும், தேநீரை மகன் ஊற்றட்டும். அவள் காற்றாடச் சற்று நடந்துவர விரும்பினால் "எங்கே போகிறாய்" என்று துருவாமல் விடுங்கள். சமையலறையிலிருந்தும் பாட்டு வரும் என்று அந்தப் பிரித்தானியத் தாய் காட்டினார். ஆனால் கமராவைப் பிடிக்க ஒருவர் இருந்ததால் அது வந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அதைப் பிடிப்பவர் யார் என்று இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.