எடையைக் குறைத்தவர்கள்

இத்தாலிய மொழியில் ‘கரோட்சா’ என்றால் குதிரை வண்டி. அதிலிருந்து பிறந்தது ‘கரோட்சேரியா’ என்னும் சொல். குதிரை போய் எஞ்சின் வந்த பின்னரும், வண்டிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்கு இத்தாலியர் அந்தப் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உயர்விலைக் கார் வாங்குவோர் பலர் முழு வண்டியை ஓரிடத்தில் வாங்கவில்லை. தொழிற்சாலை தந்தது அடிச்சட்டமும் எஞ்சினும் சக்கரங்களும் மட்டுமே. அதற்கு உடல் கொடுத்தது வேறொரு பட்டறை.

இப்பட்டறைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு குரல்களில் எழுதுகிறார்கள். ஒன்று வியப்பு: வளைவின் அழகு, தகட்டின் பளபளப்பு, ஏலத்தில் போன விலை. மற்றொன்று ஒப்பாரி: கைவினைஞனைப் பெருந்தொழில் விழுங்கிவிட்டது என்னும் பழகிப்போன புலம்பல். மிலான் நகரின் ‘டூரிங்’ என்ற பட்டறையின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இரண்டு குரல்களுமே போதாதவை என்று தோன்றுகிறது.

டூரிங் 1926ஆம் ஆண்டு தொடங்கியது. தொடங்கியவர்கள் ஃபெலிச்சே பியாங்கி ஆண்டர்லோனி, கேதானோ போன்சோனி என்னும் இருவர். ஆண்டர்லோனி சட்டம் படித்தவர். இசோத்தா ஃபிராஸ்கினி கார் நிறுவனத்தில் பணியாற்றியவர். சுத்தியல் பிடித்து வளர்ந்தவர் அல்லர். மிலானில் ஏற்கெனவே இயங்கிவந்த ‘ஃபால்கோ’ என்னும் பட்டறையை வாங்கித்தான் இருவரும் தொழிலில் இறங்கினார்கள். ஆக, நாம் கற்பனை செய்துகொள்ளும் ‘தலைமுறை தலைமுறையாக வந்த கைவினைக் குடும்பம்’ இங்கே இல்லை. ஒரு வழக்கறிஞரின் கணக்கும், விலைக்கு வாங்கிய பட்டறையில் இருந்த கைத்திறனும் கூடிப் பிறந்தது இந்தப் பெயர்.

முதல் ஆண்டுகளில் அவர்கள் பயன்படுத்தியது வெய்மான் முறை. மரச்சட்டத்தின் துண்டுகளை ஒன்றையொன்று உரசாதபடி உலோக இணைப்புகளால் கோத்து, மேலே தகட்டுக்குப் பதில் துணி போர்த்தும் முறை அது. வண்டி கிறீச்சிடாது, எடையும் குறைவு. உரிமம் பெற்றுச் செய்த இரவல் முறைதான். ஆனால் எடை குறைந்தால் வண்டி என்ன ஆகிறது என்பதை இந்த இரவலில்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பாடத்தின் விளைவுதான் 1936இல் காப்புரிமைக்குச் சென்ற ‘சூப்பர்லெஜ்ஜேரா’. சொல்லுக்குப் பொருள் ‘மிக இலேசானது’. மெல்லிய எஃகுக் குழாய்களை, வண்டியின் வடிவத்துக்கே வளைத்துப் பற்றவைத்து, ஒரு கூடு போலக் கட்டுவது. அதன் மேல் கையால் தட்டி வடித்த அலுமினியத் தகடுகளைப் பொருத்துவது. எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் அரிப்பு உண்டாகும் என்பதால் இடையில் துணி வைக்கப்பட்டது. கனத்த மரச்சட்டம் போய்விட்டது. வடிவத்தைத் தீர்மானிப்பதும் சுமையின் ஒரு பகுதியைத் தாங்குவதும் அதே குழாய்க்கூடுதான். எடையே எதிரி, காற்றே தடை என்பது ஆண்டர்லோனி கடைப்பிடித்த கொள்கை. அழகைப் பற்றிய பேச்சு இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டூரிங்கின் அழகு, தேவையற்றதைக் கழித்தபின் எஞ்சிய அழகு.

சோதனை பந்தயத் தடத்தில் நடந்தது. 1938இல் ஃபிரான்சின் ல மான் 24 மணிநேரப் பந்தயத்தில், டூரிங் கட்டிய உடலோடு ஓடிய ஆல்ஃபா ரோமியோ 8சி 2900பி மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளி முன்னணியில் இருந்தது. பின்னர் பழுதாகி நின்றது. 1940 ஏப்ரலில், இத்தாலி போரில் நுழைவதற்குச் சில வாரங்களுக்கு முன், மில்லே மில்யா பந்தயத்தை வென்ற பிஎம்டபிள்யூ 328 காரின் மூடிய உடல் டூரிங்குடையது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 166 கிலோமீட்டர். அதே பந்தயத்தில், என்ட்சோ ஃபெராரி தம் பெயரை இடாமலே உருவாக்கிய ‘815’ என்னும் இரண்டு கார்களும் ஓடின. அவற்றின் உடலும் டூரிங்கில் கட்டப்பட்டதே. போருக்குப் பின் 1948 டூரின் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஃபெராரி 166 எம்எம் காரைச் சிறுபடகு என்னும் பொருளில் ‘பார்கெட்டா’ என்று அழைத்தார்கள். அது 1949இல் மில்லே மில்யா, ல மான் இரண்டையும் வென்றது. அந்த 1948ஆம் ஆண்டில்தான் மூத்த ஆண்டர்லோனி காலமானார். மகன் கார்லோ ஃபெலிச்சே பொறுப்பேற்றார்.

தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் எனக்கு, இவ்விடத்தில் உரையாசிரியர்கள் நினைவுக்கு வருவது இயல்பே. மூலம் வேறொருவருடையது, உரைகாரன் அதற்கு உடல் தருகிறான். உரை வெறும் ஒப்பனை என்று எண்ணுவோர் உண்டு. நல்ல உரையோ மூலத்தையே வேறு விதமாக நிற்கவைக்கும். டூரிங் விஷயத்தில் இது உவமையைத் தாண்டி நடந்த செய்தி. 1950களின் நடுவில் இங்கிலாந்தின் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் புதிய காருக்கு உடல் வேண்டி டூரிங்கிடம் வந்தது. அவர்கள் எண்ணியிருந்த அடிச்சட்டம் சூப்பர்லெஜ்ஜேராவுக்கு ஒத்துவராது, தட்டையான தளம் போன்ற அடித்தளம் வேண்டும் என்று மிலான்காரர்கள் சொன்னார்கள். ஆஸ்டன் மார்ட்டினின் பொறியாளர் ஹெரல்ட் பீச் அவ்வாறே புதிதாக வரைந்தார். 1958இல் வெளிவந்த டிபி4 அது. உரைக்கு ஏற்ப மூலம் திருத்தி எழுதப்பட்டது! 1964இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தால் உலகம் அறிந்த டிபி5, இதன் நேர்வாரிசு.

இந்த உச்சத்திலேயே வீழ்ச்சிக்கான காரணங்களும் இருந்தன. முதலாவது, தொழில்நுட்பம். தனி அடிச்சட்டமே இல்லாமல், உடலே சுமையைத் தாங்கும் ஒற்றைக்கூட்டு அமைப்புக்குக் கார் உலகம் மாறிக்கொண்டிருந்தது. அத்தகைய வண்டிக்கு வெளியிலிருந்து ஒருவர் உடல் போர்த்த முடியாது; உடலும் எலும்பும் அங்கே ஒன்று. பெரிய நிறுவனங்கள் இப்பணியைத் தங்கள் கூரைக்குள்ளேயே கொண்டுபோயின. கையால் தட்டும் தகடு, அச்சு எந்திரத்தின் வேகத்தோடு போட்டியிட முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது காரணத்தை ஒப்பாரிக்காரர்கள் சொல்வதில்லை. டூரிங் தானும் தொழிற்சாலையாக விரும்பியது. மசராட்டி 3500 ஜிடி காருக்கு ஏறத்தாழ 2,000 உடல்கள், ஆல்ஃபா ரோமியோவின் திறந்த கார்களுக்கு ஆயிரக்கணக்கில் உடல்கள் என்று வேலை வந்தபோது, மிலானுக்கு வெளியே நோவா மிலானேசேயில் பெரிய ஆலை எழுந்தது. பிரிட்டனின் ரூட்ஸ் குழுமத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் கார்களை இத்தாலியச் சந்தைக்காக இங்கே பூட்டுவது, கூடவே டூரிங் வடிவமைத்த ‘சன்பீம் வெனேசியா’வைக் கட்டுவது என்று திட்டம். 1963இல் வெனிஸ் நகரிலேயே அறிமுகமான அந்தக் கார் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே உருவானது. ரூட்ஸ் குழுமமே நெருக்கடியில் விழுந்து, 1964இல் கிரைஸ்லர் அதில் பங்கு வாங்கும் நிலை வந்தது. ஒரு பெரிய கையை நம்பிக் கட்டிய ஆலை, அந்தக் கை தளர்ந்ததும் ஆடிப்போனது. லம்போர்கினியின் முதல் விற்பனைக் காரான 350 ஜிடிக்கு 1964இல் உடல் தந்த பட்டறை, 1966 முடிவில் கதவை மூடியது.

வளர்ந்ததுதான் குற்றமா? அப்படிச் சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் டூரின் நகரத்துப் பினின்ஃபரீனாவும் பெர்த்தோனேயும் இதே ஆண்டுகளில் ஆலைகளாக வளர்ந்து பல்லாண்டு தழைத்தன. அவற்றின் முடிவையும் பார்த்தாக வேண்டும். பெர்த்தோனே 2014இல் திவாலானது. பினின்ஃபரீனாவை வாங்க நம் நாட்டு மஹிந்திரா குழுமம் 2015 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. மிலானின் சகாட்டோ சிறியதாகவே இருந்து நூறு ஆண்டுகளைக் கடந்தது. வளர்ந்தவரும் வீழ்ந்தனர், வளராதவரும் வாழ்ந்தனர். இதிலிருந்து விதி எதையும் வகுத்துவிட முடியாது. டூரிங்கைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லலாம். எடையைக் குறைப்பதையே அறிவாகக் கொண்ட பட்டறை, தன் மேல் ஏற்றிக்கொண்ட எடையைக் கணக்கிடத் தவறியது.

நிறுவனம் மூடியதோடு கதை முடியவில்லை என்பதே என் கருத்தின் மையம். 1967இல் மாராட்சி என்னும் சிறு பட்டறை தொடங்கியபோது, டூரிங்கில் வேலையிழந்த தொழிலாளர்கள் பலர் அங்கே சென்றார்கள். 1968இல் வந்த லம்போர்கினி இஸ்லேரோவின் உடல் அங்கே கட்டப்பட்டது. ஃபிராங்கோ ஸ்கால்யோனே வடிவமைத்த ஆல்ஃபா ரோமியோ 33 ஸ்டிராதாலே, வெறும் 18 மட்டுமே உருவான அந்தக் கார், அங்கேதான் தகடு பெற்றது. பெயர்ப்பலகை இறங்கிய பின்னும் கைகள் ஓயவில்லை.

மாறாக, 2006இல் ‘டூரிங் சூப்பர்லெஜ்ஜேரா’ என்னும் பெயர் மிலான் அருகே புத்துயிர் பெற்றது. 1952இல் ஆல்ஃபா ரோமியோவுக்காக டூரிங் கட்டிய ‘தீஸ்கோ வோலாந்தே’, அதாவது பறக்கும் தட்டு என்னும் பந்தயக் காரின் பெயரில், 2013இல் புதிய கார் ஒன்றை அது காட்டியது. தகட்டைக் கையால் வடிக்கும் வேலை அதிலும் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஏற்கெனவே முழுமையாகத் தயாரான ஓர் ஆல்ஃபா ரோமியோ. பழைய டூரிங், தேவைப்பட்டால் அடிச்சட்டத்தையே மாற்றச் சொன்னது. புதியது, முடிந்துவிட்ட வண்டியின் மேல் தன் கையெழுத்தை இட்டது. இதைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். பெயரின் தொடர்ச்சியும் முறையின் தொடர்ச்சியும் ஒன்றாகா என்று மட்டும் சொல்வேன்.

வரலாறு எழுதுவோர்க்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. டூரிங் என்றதும் ஆண்டர்லோனி என்கிறோம். டிபி4இன் கோடுகளை வரைந்த ஃபெதெரிக்கோ ஃபொர்மென்தியின் பெயரைக் கார்ப்பித்தர்கள்கூட இரண்டாவதாகவே சொல்கிறார்கள். அந்தக் கோட்டை அலுமினியத்தில் காட்டிய தகடு தட்டுவோரை, இத்தாலியில் ‘பாத்திலாஸ்த்ரா’ என்று அழைக்கப்படுவோரை, தொழிற்பெயரால் மட்டுமே அறிகிறோம். வரைபடத்தில் வளைவு என்பது ஒரு கோடு. தகட்டில் அது எத்தனை அடி, எந்த இடத்தில், எவ்வளவு மெதுவாக என்னும் தீர்மானங்களின் தொடர். இத்தீர்மானங்களை எடுத்தவர்களைக் ‘கை’ என்றும், மற்றவரை ‘மூளை’ என்றும் பிரிப்பது நம் சோம்பல். மாராட்சிக்குச் சென்றவை கைகள் என்று சற்று முன் நானே எழுதினேன். சென்றது அறிவு என்பதே சரியான சொல்.

ஏலக்கூடங்களில் இந்தக் கார்கள் கோடிகளில் விலைபோகின்றன. அந்தப் பணத்தில் சிறு பகுதியேனும், இன்னும் உயிரோடிருக்கும் பழைய தொழிலாளர்களின் நினைவுகளைப் பதிவு செய்யச் செலவாகுமானால், எஞ்சியிருக்கும் வண்டிகளைத் துடைத்து வைப்பதைவிடப் பயனுள்ள பணியாக அது இருக்கும். 1966இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பது நெருங்குகிறது. கார்கள் கூடத்தில் காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.