யாருடைய நெஞ்சில் வன்மம்?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், திருகோணமலைத் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பங்குமனைக்கு வந்தார். அவர் கையில் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட பெட்டிசம் ஒன்று இருந்தது. காணி எல்லைத் தகராறு; எதிராளி அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. "சுவாமி, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கோ" என்றார். ஒரே பக்கக் கடிதத்தில் 'மலிஸ்' என்ற சொல் நான்கு இடங்களில் இருந்தது. கடைசி வரியிலோ, தமக்கு எவர் மீதும் 'இல்-வில்' கிடையாது என்று எழுதப்பட்டிருந்தது. மொழிப்பிழை எதையும் நான் காணவில்லை. "இந்த நாலு இடத்தையும் எனக்குத் தமிழில் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டேன். "வன்மம்... வஞ்சம்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "தமிழில் தம்பியை அப்படிச் சொல்ல வாய் வருகுதில்லை, சுவாமி" என்றார்.

அந்தத் தயக்கம் என்னைச் சிந்திக்க வைத்தது. தாய்மொழியில் சொல்லக் கூசும் ஒரு குற்றச்சாட்டை அந்நிய மொழியில் எளிதாகக் கையொப்பமிட்டு அனுப்பிவிடுகின்றோம். அந்தச் சொற்கள் உண்மையில் எதைக் குறிக்கின்றன என்று நாம் கேட்பதில்லை.

'மலிஸ்' இலத்தீன் மொழியின் வழி வந்த சொல். தீமை என்பதே அதன் வேர்ப்பொருள். 'ஸ்பைட்' என்பதன் வேர், ஒருவரை மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பது, அதாவது இகழ்தல். 'கிரட்ஜ்' என்பது பழைய பிரெஞ்சு மொழியில் முணுமுணுத்தலைக் குறித்த சொல். பாலைநிலத்தில் மோசேக்கு எதிராக முணுமுணுத்த இஸ்ரயேல் மக்களை இங்கு நினைத்துக்கொள்ளலாம். 'இல்-வில்' என்பதோ பிறருக்குத் தீமை நேரவேண்டும் என்று விரும்பும் மனம். பிறருடைய நன்மையை விரும்புவதே அன்பு என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். அப்படியாயின் 'இல்-வில்' அன்பின் நேர் எதிர்நிலை. சாதாரண மனத்தாங்கல் அன்று.

நமது தமிழும் இதில் ஏழையன்று. 'வயிரம்' என்ற ஒரே சொல் மரத்தின் முற்றிய உட்பகுதியையும் தீராப் பகையையும் குறிக்கின்றது. கோபம் மரப்பட்டையைப் போன்றது, உரிந்துவிடும். வயிரம் ஆண்டாண்டாக உள்ளே இறுகுவது, வெளியே தெரியாது.

வெளியே தெரியாத இந்த ஒன்றை நீதிமன்றம் எவ்வாறு அளப்பது? 1825 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட புரோமேஜ் எதிர் புரோசர் வழக்கில் நீதிபதி ஒரு வேறுபாட்டைக் காட்டினார். பொதுமக்கள் பேச்சில் 'மலிஸ்' என்பது ஒருவர் மீதுள்ள பகையுணர்ச்சி. சட்டத்திலோ, நியாயமான காரணமின்றி வேண்டுமென்றே செய்யப்படும் தவறான செயல். உள்ளத்தைக் காண இயலாத சட்டம் செயலைப் பார்க்கின்றது. அதில் ஒரு பணிவு உண்டு.

அந்தப் பணிவு இல்லாதபோது என்ன நிகழும் என்பதை நம் நாடு அறியும். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, சமூகங்களிடையே 'இல்-வில்' அல்லது பகைமை உணர்வுகளைச் சொற்களால் உண்டாக்குவதையும், உண்டாக்க எண்ணுவதையும் குற்றமாக்கியது. 2006 ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் நம் மாவட்ட மக்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கு ஓடினார்கள். அந்த வாகரை மக்களின் அவலத்தை ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் எழுதிய பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம், இச்சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்ட் 31 அன்று 20 ஆண்டு கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். 2010 மே மாதம் அவருக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. 2020 இல் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காகக் கைதான இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், பல மாதங்கள் தடுப்பில் இருந்து, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். துயரத்தைச் சொன்னவனின் சொல்லில் துவேஷம் தேடப்பட்டது.

இங்கே லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரம் நமக்கு ஒளி தருகின்றது. சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே என்று சொல்லும் இறைவார்த்தை, அதே மூச்சில் அவனை வெளிப்படையாகக் கடிந்துகொள் என்றும் பணிக்கின்றது. பிறகுதான் பழிவாங்காதே, மனத்தில் வயிரம் கொள்ளாதே, அயலானை நேசி என்கின்றது. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முகத்துக்கு நேரே சொல்லப்படும் கசப்பான உண்மை பகைமைக்கு மருந்தாக வைக்கப்பட்டுள்ளது. வன்மம் மறைந்திருப்பது, கடிந்துரை வெளிச்சத்தில் நிற்பது. கடிந்துரையை வன்மம் என்று தண்டிக்கும் சமூகம் உண்மையான வன்மத்தை உள்ளே இறுகச் செய்கின்றது.

ஆனால் அரசை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. 2006 ஏப்ரல் 12 ஆம் திகதியை நம் நகரம் மறக்காது. சந்தையில் குண்டு வெடித்தது, சிறிது நேரத்திலேயே கும்பல்கள் கிளம்பின, கடைகள் எரிந்தன, பலர் மாண்டனர். அந்தக் குண்டை வைத்த கரத்துக்குக் கோபம் என்ற சமாதானம் பொருந்தாது. குண்டு திட்டமிட்டு வைக்கப்படுவது. தீ வைத்த கரங்களிலும் அன்று மட்டுமே பிறந்த கோபம்தான் இருந்ததா? தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இந்நகரில், "எங்களுக்கு ஒருவர் மீதும் பகையில்லை, ஆனால்..." என்று தொடங்கும் வாக்கியங்களை மூன்று மொழிகளிலும் நான் கேட்டிருக்கின்றேன். அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வயிரம் குடியிருக்கின்றது.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் வகுப்புகளில், நாம் செய்யும் பாவங்கள் எவை என்று கேட்டால் சிறுவரும் பெரியவரும் முதலில் சொல்வது "கோபம்". "வன்மம்" என்று எவரும் சொல்வதில்லை. அந்தச் சொல்லை நாம் எப்போதும் பிறருக்காகவே வைத்திருக்கின்றோம். அறியாமையும் உணர்ச்சி வேகமும் பாவத்தின் பாரத்தைக் குறைக்கக்கூடும். தீமையைத் தெரிந்தே தேர்ந்து செய்யும் பாவமே மிகவும் பாரதூரமானது என்பது திருச்சபையின் மறைக்கல்வி. காயின் கை ஓங்குவதற்கு முன்பே ஆண்டவர் அவனிடம், முகம் ஏன் வாடியிருக்கின்றது என்று கேட்டார். நம்மிடமும் அவர் அந்த நேரத்திலேயே கேட்கின்றார்.

ஆகவே, அடுத்த முறை ஒருவரைப் பற்றி 'மலிஸ்' என்று எழுதுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவர் செய்ததைச் சொல்கின்றேனா, அல்லது ஆண்டவர் மட்டுமே காணும் அவர் உள்ளத்துக்குத் தீர்ப்பிடுகின்றேனா? அவருக்கு நேரே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேனா, அல்லது ஆண்டுக்கணக்காக முணுமுணுத்துக்கொண்டிருக்கின்றேனா?

அந்தப் பெரியவர் பத்து நாட்களின் பின் மீண்டும் வந்தார். இம்முறை பெட்டிசம் தமிழில் இருந்தது. எல்லைக்கல் எங்கே இருந்தது, வேலி எத்தனை அடி நகர்ந்தது, உறுதியில் என்ன உள்ளது என்பன மட்டுமே அதில் இருந்தன. தம்பியின் மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரதி ஒன்றை அவரே தம்பியின் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வழக்கு இன்னும் முடியவில்லை; இருவரும் இன்னும் பேசிக்கொள்வதுமில்லை. ஆயினும் இப்போது அவர்களிடையே நிற்பது ஒரு வேலி மட்டுமே. வேலியை அளந்து தீர்க்கலாம். நெஞ்சில் இறுகும் வயிரத்தை இளக்க இறையருள் வேண்டும். அதை மன்றாடிக் கேட்போம்.