திங்கட்கிழமை ஃபெராரி

'மிஸ்டர் பீன்' தொடரில் ரோவன் அட்கின்ஸன் ஓட்டுவது, கதவில் பூட்டுத் தொங்கும் ஒரு குட்டி மினி. நிஜ வாழ்க்கையில் அவரிடம் இருந்தது மெக்லாரன் எஃப்-1. 1998ல் மணிக்கு 386 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்த ரகம். மொத்தமே 106 கார்கள்தான் தயாராயின. அப்படியொன்று கைக்கு வந்தால் பெரும்பாலானவர்கள் கண்ணாடி அறைக்குள் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அட்கின்ஸன் ஓட்டினார். 2015ல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு அதை விற்றபோது அது 41,000 மைல், அதாவது ஏறக்குறைய 66,000 கி.மீ. ஓடியிருந்தது. இடையில் இரண்டு விபத்துகள். 2011ல் மரத்தில் மோதியதற்கு இன்ஷூரன்ஸ் செலவு 9 லட்சம் பவுண்டுக்கு மேல். கார் வாங்கிய விலையைவிட அதிகம். ரிப்பேர் முடிந்து வந்ததும் மறுபடி ஓட்டினார்.

இது பணக்காரக் கிறுக்குத்தனம் மட்டுமல்ல. அந்தக் கார் தினசரி ஓட்டத்துக்கு இடம்கொடுத்தது. அதற்குப் பின்னால் ஒரு ஜப்பானியக் கதை இருக்கிறது.

எண்பதுகள் வரை அதிவேகக் கார் என்றால் எஜமானைத் துன்புறுத்தும் கார் என்றே அர்த்தம். லம்போர்கினி கௌன்டாஷைப் பின்னால் எடுக்க வேண்டுமானால், கதவை மேலே தூக்கிவிட்டு, காரின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் பின்பக்கம் தெரியாது. கிளட்சை மிதித்தே கால் ஓய்ந்துவிடும். இதையெல்லாம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

1990ல் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். இந்தப் பெருமையைக் காலிசெய்தது. உடல் முழுக்க அலுமினியம், எடை 1,400 கிலோவுக்கும் குறைவு. தயாரிப்புக் கட்டத்தில் சுஸுகா பந்தயப் பாதையில் அயர்ட்டன் சென்னாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் உடம்பில் உறுதி போதாது என்றார், மேலும் உறுதியாக்கினார்கள். ஆனால் சாமர்த்தியம் எஞ்சினில்தான் இருந்தது. பந்தய எஞ்சின் உச்ச வேகத்தில் மூச்சு விடுவதற்காகவே செய்யப்பட்டது. வால்வுகள் அதிக நேரம் அகலத் திறந்திருக்கும். டிராஃபிக்கில் ஊர்ந்தால் அதற்குத் திணறல், இருமல். ஹோண்டா ஒரே எஞ்சினுக்குள் இரண்டு சுபாவங்களை வைத்தது. நிமிடத்துக்கு சுமார் 5,800 சுற்றுகள் வரை வால்வுகளைத் திறப்பது சாதுவான ஒரு ஜோடி கேம். அதைத் தாண்டினால் பொறுப்பை முரட்டுக் கேம் எடுத்துக்கொள்ளும். ஆபீசுக்குப் போகும்போது சாதாரண ஹோண்டா, மலைப்பாதையில் பந்தயக் குதிரை. நாலு பக்கமும் தெரியும். ஏ.ஸி. ஒழுங்காக வேலை செய்யும்.

மெக்லாரன் எஃப்-1ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே இந்த என்.எஸ்.எக்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதுவரை அளவுகோலாக வைத்திருந்த ஃபெராரி, போர்ஷ், லம்போர்கினி எல்லாவற்றையும் மனதிலிருந்து அழித்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். தானும் ஒன்றை வாங்கிப் பல வருடங்கள் ஓட்டினார். அவருடைய எஃப்-1ல் மூன்று பேர் உட்காரலாம், பக்கவாட்டில் பெட்டி வைக்கலாம். அட்கின்ஸனின் 41,000 மைலுக்கு என்.எஸ்.எக்ஸும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆக, கார் தயார். இந்தியச் சாலை?

2002ல் டிரினிடாடில் 29வது டெஸ்ட் சதம் அடித்து பிராட்மனைச் சமன்செய்த சச்சின் டெண்டுல்கருக்கு ஃபெராரி 360 மொடேனா பரிசாக வந்தது. சாவியைக் கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சுங்க வரியை 2003ல் அரசு தள்ளுபடி செய்ய, எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் போய், கடைசியில் ஃபியட் நிறுவனமே வரியைக் கட்டியது. வரியைப் பற்றி நாடே பேசியது. மும்பையில் அதை எங்கே ஓட்டுவார் என்று கேட்டவர்கள் குறைவு. 2011ல் கார் சூரத் வியாபாரி ஒருவருக்குக் கைமாறியது.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி அல்ல, பொறியாளர்களின் அமைப்பு) வேகத்தடைக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். அப்படிச் சரிவாகக் கட்டினால் ஃபெராரியும் முனகிக்கொண்டே தாண்டிவிடும். நம் தெருக்களில் முளைப்பது வேறு ஜாதி. காலனிக்காரர்களே சிமென்ட் குழைத்துப் போட்ட குறுகிய மேடு; வெள்ளைக்கோடு கிடையாது. தரைக்கும் காரின் வயிற்றுக்கும் இடைவெளி 11, 12 செ.மீ.தான். அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு உரசும். எனவே குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். ஒருவர் இறங்கிக் குனிந்து "வரலாம், வரலாம்" என்று கைகாட்ட வேண்டும். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விடமாட்டார். பக்கத்து ஸ்கூட்டர்காரர் மைலேஜ் விசாரிப்பார். நகரத்தில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

விளைவு, ஆறு நாள் உறை போர்த்திய தூக்கம். பேட்டரி இறங்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், பெட்ரோல் பழசாகும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நண்பர்களோடு அணிவகுத்து நெடுஞ்சாலைக்கு ஓட்டம். எனக்குக் கவலை தருவது இந்த ஞாயிற்றுக்கிழமைதான். தினம் ஓட்டுகிறவருக்கு அந்த ஆக்ஸிலரேட்டரின் கோபம் காலுக்குப் பழகியிருக்கும். வாரம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்குப் பழகுவது எப்படி? அதுவும் அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு நாள் பசியையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2018 ஜூனில் ஹௌரா மாவட்டத்தில் இப்படியொரு ஞாயிறு உலாவிலிருந்து கொல்கத்தா திரும்பிய ஃபெராரி, மேம்பாலத் தடுப்பில் மோதியது. ஓட்டியவர் இறந்துபோனார். பழக்கம் இருந்தாலே போதும் என்று சொல்லவில்லை; அட்கின்ஸனே மரத்தில் மோதியவர்தான். ஆனால் 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஃபெராரிகளின் பங்கு இதில் சொற்பம். நம் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் மாடும் வரும், பால்காரரின் சைக்கிளும் வரும் என்பதற்குத்தான் அந்த எண் சாட்சி. வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் 1990லிருந்தும், கிரேட்டர் நொய்டாவில் 2011லிருந்தும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன.

கார் கம்பெனிகள் கண்டுபிடித்த பதில், காரையே உயர்த்திவிடுவது. 2018ல் இந்தியாவுக்கு வந்த லம்போர்கினி உரூஸ் பெயரளவில்தான் லம்போர்கினி; உருவத்தில் ஜீப் ஜாதி. எடை 2 டன்னுக்கு மேல், தரையிலிருந்து 24 செ.மீ. வரை எழும்பும். தினம் ஓட்டலாம், மாமியாரையும் ஏற்றிக்கொள்ளலாம். 2023ல் லம்போர்கினி உலகெங்கும் விற்ற 10,112 கார்களில் 6,087 உரூஸ். வசதிதான். ஆனால் 1,400 கிலோவில் ஹோண்டா செய்து காட்டிய வித்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தாழ்வான காரைக் கைவிடாதவர்களுக்கு போர்ஷ் ஒரு வழி வைத்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் மூக்கு ஏறக்குறைய 4 செ.மீ. உயரும். இப்போதைய மாடல்களில் இன்னும் விசேஷம்: ஓரிடத்தில் உயர்த்தியதை செயற்கைக்கோள் உதவியோடு நினைவில் வைத்து, அடுத்த முறை அங்கே வரும்போது தானாகவே உயர்த்திக்கொள்ளும். ஜெர்மனியில் வீட்டு வாசல் சரிவுக்கு அது போதும். நேற்று ராத்திரி தெருமுனையில் முளைத்த சிமென்ட் மேடு அதற்கு எப்படித் தெரியும்?