முதலில் குழாய், பிறகுதான் லாபம்!

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் பிரிக்ஸாம் என்று ஓர் ஊர். 2024 மே மாதம் அங்கே பலருக்கு வயிற்றுப்போக்கு. காரணம், குழாய்த் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி! கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று சுமார் 16 ஆயிரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை போயிற்று. சில தெருக்களில் ஜூலை வரை இதே கதிதான்.

தண்ணீர் கொடுப்பது சவுத் வெஸ்ட் வாட்டர் கம்பெனி. அதன் தாய்க் கம்பெனி பென்னன். இதன் பங்குகள் லண்டன் பங்குச் சந்தையில் விற்பனையாகின்றன. ஊரே தண்ணீரைக் காய்ச்சிக் கொண்டிருந்த அதே மே மாதத்தில், பங்கு ஒன்றுக்கு 42.73 பென்ஸ் ஆக இருந்த ஆண்டு ஈவுத்தொகையை 44.37 பென்ஸ் ஆக உயர்த்தியது பென்னன்! "தண்ணிக்கும் காசு, அதைக் காய்ச்சவும் காசு, லாபம் மட்டும் அவங்களுக்கா?" என்று ஊர்க்காரன் கேட்டால் யார் பதில் சொல்வது?

முதல் போட்டவன் லாபம் கேட்பது தப்பில்லை. ஆனால் இது மளிகைக் கடை அல்ல. சரக்கு பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். குழாய்த் தண்ணீருக்கு அடுத்த கடை ஏது?

1989-இல் தாட்சர் அரசு 10 தண்ணீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்றது. அவற்றின் பழைய கடன் சுமார் 500 கோடி பவுனை அரசே தள்ளுபடி செய்தது. கட்டணத்துக்குக் கடிவாளம் போட ஆஃப்வாட் என்ற அமைப்பும் வந்தது.

சிக்கல் அங்கேதான். கடிவாளத்தை இறுக்கினால், குழாய் மாற்றப் பணமில்லை என்கிறது கம்பெனி. தளர்த்தினால் சம்பளக்காரன் பாடு திண்டாட்டம். நடுவில் கெடுவது ஆறும் கடலும். கழிவுநீரால் மாசு ஏற்படுத்தியதற்காக சவுத் வெஸ்ட் வாட்டருக்கு 2023 ஏப்ரலில் கோர்ட் போட்ட அபராதம் 21 லட்சத்து 50 ஆயிரம் பவுன்!

2024 டிசம்பரில் ஆஃப்வாட் கையைத் தளர்த்தியது. இங்கிலாந்து, வேல்ஸ் தண்ணீர் கம்பெனிகள் 2030-க்குள் 10,400 கோடி பவுன் செலவழிக்க அனுமதி. அதற்காக வீட்டுக் கட்டணம் சராசரியாக 36 சதவீதம் ஏறும். விலைவாசி உயர்வு தனி! அடுத்த மாதமே பென்னன் புதிய பங்குகள் வெளியிட்டு 49 கோடி பவுன் திரட்ட இறங்கியது. பங்குதாரர்களும் பையில் கை விட்டார்கள். நல்லதுதான். ஆனால் புதுப் பங்குக்கும் ஈவுத்தொகை வேண்டுமே! அது வருவது தண்ணீர் பில்லில் இருந்துதானே?

2025 ஜூலையில், ஆஃப்வாட்டை எடுத்துவிட்டு ஒரே புதிய கண்காணிப்பு அமைப்பு கொண்டு வரப்போவதாக அரசு அறிவித்தது. போர்டு மாறினால் குழாய் மாறிவிடுமா? பில்லில் வசூலித்த பணம் மண்ணுக்கடியில் குழாயாகப் போயிற்றா என்று தோண்டிப் பார்க்கும் அதிகாரி வேண்டும். வேலை நடக்காவிட்டால் பணம் மக்களிடமே திரும்ப வேண்டும். சுத்தமான தண்ணீர் வரும் வரை ஈவுத்தொகை காத்திருக்கட்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். குழாயிலே போடும் பணத்தை அளக்க வேண்டாமா?