கண்ணிக்கு இலக்கு தெரியாது: கம்பிச் சுருக்கில் சிக்கும் வனவிலங்குகளும் சட்டத்தின் எல்லையும்

புதுதில்லி: மத்தியப் பிரதேச மாநிலம் பன்னா மாவட்டத்தில் 2022 டிசம்பரில் ஒரு புலி, மரத்தில் தொங்கிய நிலையில் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டது. அதன் கழுத்தை இறுக்கியிருந்தது, இருசக்கர வாகனங்களில் பயன்படும் கிளட்ச் கம்பி. 2009-இல் புலிகளே இல்லாமல் போய், பிற காப்பகங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட புலிகளால் மீட்டெடுக்கப்பட்ட பகுதி பன்னா. அங்கு ஒரு புலியின் உயிரைப் பறிக்கப் பழுதுபார்ப்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கம்பி ஒன்றே போதுமானதாக இருந்தது.

செயல்படும் விதம்

கண்ணியின் அமைப்பு மிக எளிது. கம்பியின் ஒரு முனையில் நகரும் சுருக்கு இடப்படுகிறது; மறுமுனை மரத்திலோ முளையிலோ கட்டப்படுகிறது. விலங்குகள் வழக்கமாகச் செல்லும் தடத்திலும், வேலியின் இடைவெளியிலும் இது வைக்கப்படுகிறது. சுருக்குக்குள் நுழைந்த விலங்கு விடுபட முயலும் ஒவ்வொரு முறையும் கம்பி மேலும் இறுகுகிறது. கழுத்தில் சிக்கினால் மூச்சுத் திணறல் ஏற்படும். காலிலோ இடுப்பிலோ சிக்கினால் கம்பி தசையை அறுத்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மரணம் பல மணி நேரமோ, பல நாள்களோ நீளக்கூடும். கம்பியை அறுத்துக்கொண்டு தப்பும் விலங்குகளும் புண் புரையோடிப் பின்னர் இறப்பதுண்டு.

கண்ணியின் மிகப்பெரிய அபாயம், அது இலக்கைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதே. காட்டுப்பன்றிக்காகவோ மானுக்காகவோ வைக்கப்படும் சுருக்கில் சிறுத்தையும் புலியும் கரடியும் சிக்குகின்றன. வைத்தவர் மறந்துவிட்ட கண்ணியும் தொடர்ந்து உயிர்களைப் பறிக்கும்.

சட்டம் கூறுவது என்ன?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9-ஆவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. விலங்கைக் கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைத்துப் பிடிப்பதும், அதற்கான ஒவ்வொரு முயற்சியும் 'வேட்டை' என்னும் வரையறைக்குள் அடங்கும். எனவே, வனவிலங்கைப் பிடிக்கும் நோக்கில் கண்ணி வைத்தாலே குற்றம். விலங்கு சிக்க வேண்டும் என்பதில்லை. புலி, சிறுத்தை போன்ற முதல் அட்டவணை விலங்குகளை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இக்குற்றத்துக்கான குறைந்தபட்ச அபராதம் ரூ.25 ஆயிரம்.

ஆயினும் நடைமுறையில் இச்சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. துப்பாக்கிக்கு உரிமம் தேவை. கிளட்ச் கம்பிக்கும் வேலிக் கம்பிக்கும் அவ்வாறான பதிவேடு எதுவும் இல்லை. கண்ணியை வைத்தவர், விலங்கு சிக்கும் நேரத்தில் அங்கு இருப்பதில்லை. யாருடைய கை அதைக் கட்டியது என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று.

விவசாயியின் நிலை

இறைச்சிக்காகக் கண்ணி வைப்போர் ஒருபுறம் இருக்க, ஓரிரவில் விளைச்சலைப் பன்றிக் கூட்டத்துக்குப் பறிகொடுக்கும் சிறு விவசாயிகளும் இவ்வழியை நாடுகின்றனர். தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமன்று எனச் சட்டம் கூறுகிறது. பயிர்க்காப்புக்கு அவ்விலக்கு இல்லை. பயிருக்கு ஆபத்தான, முதல் அட்டவணையில் இடம்பெறாத விலங்குகளை வேட்டையாடத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலர் எழுத்துமூலம் அனுமதிக்கலாம். அந்த அனுமதி வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடலாம். காட்டுப்பன்றி விவகாரத்தில் உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியதன் பின்னணி இதுவே.

வனவிலங்குகளால் ஏற்படும் பயிரிழப்பு, 2026 காரிஃப் பருவம் முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் காப்பாகச் சேர்க்கப்படும் என மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இழப்பை 72 மணி நேரத்துக்குள் புகைப்படங்களுடன் செயலியில் பதிவு செய்ய வேண்டும். எந்தெந்த விலங்குகள், எந்தெந்தப் பகுதிகள் என்பதை மாநிலங்களே அறிவிக்க வேண்டும். கைப்பேசி வசதி குறைந்த வனவோரக் கிராமங்களில் இந்நிபந்தனை எவ்வாறு நிறைவேறும் என்பதிலேயே திட்டத்தின் பயன் அடங்கியுள்ளது.

தண்டனையைத் தாண்டி

கண்ணிகளைத் தேடி அகற்றும் நடை ரோந்துகளை வனத்துறையினரும் தன்னார்வ அமைப்புகளும் மேற்கொள்கின்றனர். அது இன்றியமையாத பணி. ஆனால், முடிவில்லாப் பணியும்கூட. கம்போடியா, லாவோஸ், வியத்நாம் நாடுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் சுமார் 1.23 கோடி கண்ணிகள் இருக்கலாம் என உலக இயற்கை நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. அகற்றும் கைகளைவிட வைக்கும் கைகள் பெருகினால் நிலைமை எங்குச் சென்று முடியும் என்பதற்கு அது எச்சரிக்கை.

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 3,682 புலிகள் உள்ளன. அவற்றில் பல, காப்பக எல்லைகளைத் தாண்டி வயல்வெளிகளின் ஓரமாக நடமாடுகின்றன. அங்கு கண்ணி வைத்தவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கண்ணி வைக்கும் தேவையே எழாதவாறு இழப்பீடும் அனுமதியும் உரிய நேரத்தில் விவசாயியைச் சென்றடைவதுதான் இன்னும் உறுதிசெய்யப்படாதது. அது நிறைவேறும்வரை, பன்றிக்கு விரித்த சுருக்கில் புலி சிக்கும் நிகழ்வுகளைத் தண்டனை ஒன்றால் மட்டும் தடுத்துவிட இயலாது.